கேள்விக்கார டீச்சரம்மா

அவளிடம் ‘சும்மா’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ‘சும்மான்னா?’ என்பாள்.

ஒருநாள் காலை திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் மூங்கில் கூடையைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவள் இறங்கிப் போய்விட்டாள்.

“உள்ள என்னங்க இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா செங்கல்லு?”

“சும்மா வச்சிக்கீறேன்.”

“சும்மான்னா?”

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “சேவலும்மா. சண்ட சேவலு. போலீஸ்காரன் பாத்தா பேஜாரு. சத்தம் போடாத, போ” என்றார். அவள் ஓடிவந்து, நகரும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். கண்டக்டர் திட்டியது அவள் காதில் ஏறவேயில்லை. “சண்டச் சேவலாம்டி” என்று என்னிடம் சொன்னபோது, காலைப் பலகாரம் சாப்பிட்டு முடித்தவளைப் போல அவ்வளவு நிறைவாக இருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டுத் தொல்லியல் மேற்படிப்பில் சேர்ந்திருந்தோம். அதுவரை பழைய காலத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள். மண்ணைத் தோண்டிப் பழகுவதற்காக எங்களை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்த ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஏரியை ஒட்டிய புறம்போக்கில், பாறாங்கற்களை வட்டமாக நட்டுவைத்த பழங்காலப் புதைகுழிகள் சில இருந்தன. ஊரார் அவற்றைப் பாண்டவர் குழி என்றார்கள். ஆண்கள் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். பெண்கள் நாங்கள் இருவர்தான். எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியின் மூலை அறையைக் கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் பஸ் ஏறிப் போவோம், பொழுது சாய்ந்ததும் திரும்புவோம்.

நான் மெட்ராஸ். அவள் விழுப்புரம். அப்பா ரயிலில் கார்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதன்மேல் ஈரிழைத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினால், தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஆணா பெண்ணா தெரியாது. கிட்டே வந்தால் தெரிந்துவிடும். அதற்குள் எதையாவது கேட்டிருப்பாள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரை நாங்கள் சார் என்றே சொல்வோம். அரைக்கால் சட்டை, சோலாத் தொப்பி. எந்நேரமும் சிடுசிடுப்பு. முளை அடித்துக் கயிறு கட்டிச் சதுரம் பிடிப்பது, கொத்தனார் கரணையைவிடச் சிறிய கரணையால் மண்ணைச் சீவி எடுப்பது, குழியின் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கும்படி செதுக்குவது, அந்தச் சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை அளந்து வரைவது என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்தார். சுவர் கோணினால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். “கரணை கையில் இருக்கும்போது வாய் மூடியிருக்கட்டும்” என்பது அவருடைய சட்டம். அவளால் கடைப்பிடிக்க முடியாத சட்டம் அது ஒன்றுதான்.

மண் சுமக்கவும் சலிக்கவும் ஊர்க் காலனியிலிருந்து பெண்கள் வந்தார்கள். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. என்னைச் சின்ன டீச்சரம்மா என்றார்கள். அவளைக் கேள்விக்கார டீச்சரம்மா என்றார்கள். தலையில் சும்மாட்டை ஏன் இடப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள், கேப்பைக் கூழில் வெங்காயத்தை எப்போது போடுவீர்கள், புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று மதியச் சாப்பாட்டு வேளை முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர்களுக்கு அவளைப் பிடித்திருந்தது.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்விட்டு விழுப்புரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். பஸ்ஸே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் குனிந்து, “ஏம்மா அழறீங்க?” என்றாள். அந்தப் பெண் சட்டென்று முகத்தை எடுத்து, “உன் வேலயப் பாத்துக்கினு போ. வந்துட்டா பெருசா” என்று சீறினாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்காவது இறங்கிவிடலாம் போல் இருந்தது. இவளோ, “கோவம் வந்தா அழுகை நின்னுடுது பாத்தியா” என்றாள் என் காதில்.

அன்று அவள் வீட்டில்தான் மாப்பிள்ளை கதையும் தெரியவந்தது. அவள் அம்மா எனக்கு வடை போட்டுக்கொண்டே சொன்னார். பெண் பார்க்க வந்த பையன் சர்க்கரை ஆலையில் வேலை. நல்ல குடும்பம், நல்ல நிறம். எல்லாம் கூடிவரும் நேரத்தில் இவள் அவனிடம், “கரும்புச் சாறு அழுக்குக் கலர்ல இருக்கு. சர்க்கரை எப்படி வெள்ளையாவுது?” என்று கேட்டாளாம். பையன் விழித்தானாம். அவன் அத்தை, “பொண்ணு எங்க புள்ளைக்குப் பரீட்சை வைக்கிது” என்று எழுந்துவிட்டாராம்.

“அவரு அங்கதாம்மா வேல பாக்குறாரு” என்றாள் இவள் அடுக்களை வாசலில் நின்று. “தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாமில்ல? நானும் அவருகூடப் போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன்.”

“பாத்தியாம்மா” என்றார் அவள் அம்மா என்னிடம்.

பின்னாளில் வடக்கே ஓர் அகழாய்வில் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயே கூட வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. அவரிடம் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்ச காலம் பொங்கல் வாழ்த்து வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அவள் கேள்வியால் முகாமே நின்றுபோக இருந்தது ஒரு தடவை. ஊர்ப் பெரியவர் ஒருவர் நாங்கள் தோண்டுவதைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய கிணற்றிலிருந்துதான் எங்களுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் வரும். சார் அவருக்கு நாற்காலி போட்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். இவள் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

“ஐயா, இந்த அக்காங்க எல்லாம் ஏரித் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. உங்க கெணறு கிட்டதானே இருக்கு. ஏன் அதுல எடுக்கல?”

ஏன் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டாள். பெரியவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தண்ணீர் வண்டி வரவில்லை. சார் தாமே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

“நாம தோண்ட வந்தது மண்ணை. மனுஷங்களை இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தா பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். சர்ட்டிபிகேட் கிடையாது.”

“காரணம்தானே சார் கேட்டேன்.”

“அதைத்தான் கேட்காதேன்னு சொல்றேன்.”

அதன்பிறகு ஒரு வாரம் அடங்கியிருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் கொடுத்த குழி கல்வட்டத்துக்கு வெளியே, ஏரிப் பக்கமாக இருந்தது. வட்டத்துக்கு உள்ளே தோண்டிய ஆண்களுக்குத் தாழியும் துருப்பிடித்த இரும்பும் கிடைத்துக்கொண்டிருக்க, எங்களுக்கு நகம் அளவு பானையோடுகள்தான். எங்கள் மண்ணைச் சலித்தவர் நடுவயதில் ஓர் அம்மாள். ஒடிசலான உடம்பு, அதிகம் பேசமாட்டார். மேஸ்திரி வேறு குழிக்கு அனுப்பினாலும், “எனக்கு இங்கியே இருக்கட்டுங்க” என்று திரும்பி வந்துவிடுவார். “ஏக்கா, இந்தக் குழிதான் வேணும்ங்கறீங்க?” என்று இவள் கேட்டதற்கு, “இங்க நெழலு கீதும்மா” என்றார். அந்தப் பக்கம் நிழலே கிடையாது. ஒற்றைப் பனைமரம், அதுவும் பத்தடி தள்ளி. சார் போட்ட அதட்டல் இன்னும் ஆறாததால் இவள் மேலே கேட்கவில்லை.

ஒரு நாள் காலை என் கரணை எதிலோ உரசியது. ஒரு பானையின் வாய். மண்மூடியால் மூடியிருந்தது. சுற்றிலும் மெல்லச் சீவினேன். சார் வந்து தம் கையால் மூடியை நகர்த்தினார். உள்ளே பாதி மண். மண்ணுக்கு நடுவில் விரல்போல மெல்லிய எலும்புகள். ஒரு மண்டையோட்டின் விளிம்பு, தேங்காய்ச் சிரட்டையைவிடச் சின்னது.

சார் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கல்வட்டத்தின் ஓரத்தில் குழந்தைக்குத் தனித் தாழி! அந்த வட்டாரத்தில் யாரும் கண்டதில்லை என்றார். மெட்ராஸில் இருந்த மேலதிகாரிக்கு உடனே தந்தி கொடுக்க ஆள் அனுப்பினார். ஆண்கள் எல்லோரும் எங்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். கண்டெடுத்தது என் கரணை என்பதால் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இவள் மட்டும் பானையைப் பார்க்காமல், பானைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரணையால் அதை மறுபடியும் சீவினாள். குடிக்கிற தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்தாள். ஈரம் பட்டதும், ஒரே சிவப்பாக இருந்த மண்ணில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு ஒரு பக்கம் இறுகிய சிவப்பு. இன்னொரு பக்கம் பொலபொலவென்று கொஞ்சம் கருத்த மண். அந்தக் கோடு பானையிலிருந்து மேலேறி, மேல்மண் வரைக்கும் வந்து நின்றது. கருத்த மண்ணிலிருந்து எதையோ விரல்நுனியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கருகிய மல்லாட்டைத் தோல். மெட்ராஸில் நாங்கள் வேர்க்கடலை என்போம்.

மல்லாட்டை நம் நாட்டுப் பயிரே அல்ல, கப்பலில் வந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்வட்டம் நட்டவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

“சொல்லாதேடி” என்றேன் நான். “எலி கொண்டுபோய் வச்சிருக்கும்.”

“எலி கோடு போடுமா?” என்றவள், எழுந்து, “சார், கொஞ்சம் வர்றீங்களா?” என்றாள்.

சார் குழிக்குள் இறங்கி மண்டியிட்டுப் பார்த்தார். தாமும் தண்ணீர் தெளித்தார். பானையின் அடியில் கைவிட்டுத் தடவினார். விரலில் கரி ஒட்டியது. சோறாக்கிய பானை. அதைத் துடைத்துக்கொண்டே, “சரிதான். மேலேயிருந்து வெட்டின குழி. அண்மையிலே” என்றார். தந்தி கொடுக்கப் போனவனைத் திருப்பிக் கூப்பிட ஒருவன் சைக்கிளில் பறந்தான்.

அப்போதுதான் சல்லடைப் பக்கம் யாரும் இல்லாததைக் கவனித்தோம். அந்த அம்மாள் பனைமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி சார் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “அவளுதாத்தான் இருக்கும் சார். எங்க ஆளுங்க பச்சப் புள்ளைங்கள இங்கதான் பொதைக்கிறது. ஒண்ணும் கேட்டுக்காதீங்க. மூடிடலாம்.”

மற்றப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் அவள் கையை இறுகப் பிடித்தேன். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் சாரைப் பார்த்தாள். சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பானையைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போ” என்றார்.

அவள் போய் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போனேன், தடுக்கலாம் என்றுதான்.

“அக்கா, பொண்ணா, பையனா?”

அந்த அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தார்.

“பொண்ணு.”

“யார மாதிரி இருந்துச்சு?”

முந்தானை மெல்ல வாயிலிருந்து இறங்கியது. “எங்க மாமியா மாரி. சப்ப மூக்கு. தல நெறய முடி. மருத்துவச்சிகூட, இன்னாடி இது, சடையோட பொறந்துக்குதுன்னா.”

“ரொம்ப அழுமா?”

“எங்க அழுவுது? தும்மும். தும்மிக்கினே இருக்கும். தும்மிட்டு, வேற யாரோ தும்மினாப்பல என்னயப் பாக்கும்.”

இவள் சிரித்துவிட்டாள். அந்த அம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நான் இவள் தோளைத் தொட்டேன். இவள் திரும்பவில்லை.

“ஏங்க்கா பானையில வச்சீங்க?”

“நரி தோண்டிடும்னுதான். ஏரிக்கரையில அப்ப நரி ஜாஸ்தி. அவரு துணியில சுத்தி வைக்கலாம்ன்னாரு. நான்தான் சோறாக்குற பானைய எடுத்தாந்து குடுத்தேன். அன்னிக்கு எங்க வூட்ல சோறாக்கல. பானை இல்ல.”

“எங்ககிட்ட மொதல்லியே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா வேலய நிறுத்திடுவாங்க. இத்தினி பேரு வூட்ல இதாலதான் அடுப்பு எரியுது. அதான் கிட்டயே இருந்து பாத்துக்கினு இருந்தேன். கடப்பாரை கிடப்பாரை பட்டுடப் போவுதேன்னு.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இத்தினி வருசத்துல ஒருத்தரும் என்னய ஒண்ணும் கேக்கலம்மா. கேட்டா மனசு நோவும்னு வுட்டுட்டாங்க. அவரும் பேச்செடுத்தா எழுந்து போயிடுவாரு.”

“இப்ப நோவலையா?”

“நோவுது” என்றார் அந்த அம்மாள். “இன்னும் கேளு.”

அவள் கேட்டாள். என்ன பால் கொடுத்தீர்கள், எப்படித் தூங்கவைத்தீர்கள், எந்தக் கை விரலைச் சப்பும் என்றெல்லாம் கேட்டாள். அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. வெயில் ஏறியது. சார் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

“பேரு வச்சீங்களா அக்கா?”

“எங்க? அதுக்குள்ள பூடுச்சி.”

சார் வந்தார். இவளிடம், “என்ன செய்யணும்னு அவங்களையே கேளு” என்றார்.

“இருந்த எடத்துலயே இருக்கட்டுங்க” என்றார் அந்த அம்மாள், இவள் கேட்பதற்கு முன்பே.

குழியின் அந்தப் பாதியைத் தோண்டாமல் விட்டுவிடுவது என்று சார் முடிவு செய்தார். வரைபடத்தில் அந்த இடத்தை இவளே வரைந்தாள். பிறகு முகாமைப் பார்வையிட வந்த மேலதிகாரிக்கு, எங்கள் குழியில் கிடைத்ததென்று நாங்கள் நகம் அளவு ஓடுகளைத்தான் காட்டினோம். அவர் ஏமாற்றத்தோடு அடுத்த குழிக்குப் போனார்.

பானையை இருந்தபடியே அமர்த்தி, நான் மண்மூடியைக் கையில் எடுத்தேன். “கொஞ்சம் இரும்மா” என்றார் அந்த அம்மாள். குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். பானையின் வாயில் தம் வாயை வைத்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மூன்று தடவை. பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது காதில் மூன்று தடவை சொல்வார்களே, அப்படி. பிறகு என் கையிலிருந்த மூடியை வாங்கி அவரே மூடினார். மற்றப் பெண்கள் மண்வெட்டியைத் தொடாமல் கையால் மண்ணைத் தள்ளினார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தோம். இருவர் நகத்திலும் சிவப்பு மண். நாள் முழுக்க அடக்கிவைத்திருந்ததை என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“என்ன பேருடி வச்சாங்க?” என்று கேட்டேன்.

“கேட்டேன்” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. “சொல்லமாட்டேன்னுட்டாங்க.”